விசைப்படகு இன்ஜினைப் பாதுகாப்பாக இயக்குவதும் மீட்டர்களைப் படிப்பதும்: காசிமேட்டுப் படகுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வலையைச் சரிசெய்வார்கள், பெயின்ட் அடிப்பார்கள், பூஜை போடுவார்கள். இன்ஜினின் நினைப்பு பலருக்குக் கடைசி இரண்டு நாட்களில்தான் வரும். இரண்டு மாதம் அசையாத இன்ஜினில் டீசல் தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும், தண்ணீர் பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் வளைந்த வாக்கிலேயே இறுகியிருக்கும். இந்தக் குறைகள் எல்லாம் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போன பிறகுதான் ஒன்றொன்றாக வெளியே வரும்.

அவை வெளியே வருமுன் தெரிந்துகொள்ளத்தான் மீட்டர்கள். ஆனால் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால்தான் ஆபத்து என்று எண்ணுகிறவர்களே அதிகம். சிவப்பைத் தொடும் நேரத்தில் பாதிச் சேதம் முடிந்திருக்கும். ஒவ்வொரு முள்ளுக்கும் உங்கள் படகில் வழக்கமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து அது நகர்ந்தால், எண் இன்னும் பச்சைக்குள்ளேயே இருந்தாலும், காரணத்தைத் தேட வேண்டும். இந்தக் கட்டுரையில் வரும் எண்களை எல்லாம் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

இங்கே சொல்வது டீசல் இன்ஜின் பொருத்திய விசைப்படகுகளுக்கு. எண்ணூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அசோக் லேலண்டின் மரைன் இன்ஜினானாலும், பின்னாளில் வந்த சீன இன்ஜினானாலும் அடிப்படை ஒன்றுதான். எண்கள் பொதுவானவை. உங்கள் இன்ஜினின் கையேடு வேறு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

சாவியைத் தொடுவதற்கு முன்

இன்ஜின் ரூம் மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். முதலில் மூக்கு வேலை செய்யட்டும். டீசல் வாடை தூக்கலாக இருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கருகிய ரப்பர் வாடை என்றால் பெல்ட்டையும் வயரையும் பாருங்கள். படகின் அடியில் தேங்கிய தண்ணீர் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, அதில் எண்ணெய் மிதக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஆயில் குச்சி. உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுதாக இறக்கி எடுங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருந்தால் போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். குச்சியின் நுனியில் தொங்கும் சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வழக்கத்தைவிட நீர்த்து, டீசல் வாடை அடித்தால் டீசல் பம்ப்பிலிருந்தோ, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலிலிருந்தோ டீசல் இறங்குகிறது. ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். அன்றைக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஆயில் குறைந்தால் கவலைப்படும் பலர், கூடினால் லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

கூலன்ட் தொட்டியின் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். குறைந்திருந்தால் கூலன்ட் கலந்த நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். வடசென்னையின் உப்பேறிய போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே காரை படியும். பிறகு ஹீட் ஏறுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

கடல் தண்ணீரை உறிஞ்சிக் குளிர்விக்கும் வகையாக இருந்தால், கடல் தண்ணீர் உள்ளே வரும் வழியில் உள்ள சீ வால்வு திறந்திருக்கிறதா என்று கையால் திருப்பிப் பாருங்கள். வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். துறைமுகத்துக்குள் மிதக்கும் கேரி பேக்கும் நைலான் வலைத் துண்டும் போதாதென்று, பருவமழை நாட்களில் கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் நகரத்தின் குப்பையைக் கடலில் கொண்டுவந்து கொட்டுகின்றன. நவம்பர், டிசம்பரில் வடிகட்டியைத் தினமும் பார்ப்பதில் தவறில்லை.

படகின் அடியில் குழாய் பதித்துக் குளிர்விக்கும் வகை என்றால் கவனிக்க வேண்டியது வேறு. தடைக்காலத்தில் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்தக் குழாய்களுக்கும் சேர்த்துத் தடிமனாக அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் வெப்பத்தை வெளியே விடாது. சிப்பி ஒட்டினாலும் இதே கதைதான்.

டீசல் ஃபில்டருக்கு முன்னால் உள்ள தண்ணீர் பிரிப்பானின் அடித் திருகைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். பாட்டிலைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கி, கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் தொளதொளத்தால் இறுக்குங்கள். விரிசல் இருந்தால் மாற்றுங்கள்.

கடைசியாக, உங்கள் உடை. லுங்கியோடும் தோளில் துண்டோடும் ஓடும் இன்ஜின் பக்கத்தில் குனியாதீர்கள். பெல்ட்டும் ஷாஃப்ட்டும் துணியை இழுத்தால் ஆளையும் சேர்த்தே இழுக்கும். அரைக்கால் சட்டையும் பனியனும் போதும்.

ஸ்டார்ட் செய்யும்போது

கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, அங்கேயே நிறுத்துங்கள். ஆயில் பிரஷருக்கான விளக்கு எரிந்து, அலாரம் கத்த வேண்டும். இன்ஜின் ஓடவில்லை, பிரஷர் இல்லை, ஆகவே கத்துகிறது. அதுதான் சரி. கத்தவில்லை என்றால் அலாரம் செத்துவிட்டது என்று பொருள். நடுக்கடலில் பிரஷர் உண்மையாகவே விழும்போதும் அது வாய் திறக்காது. தொந்தரவாக இருக்கிறது என்று அலாரம் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டும் படகுகள் இருக்கின்றன. சில நூறு ரூபாய் அலாரத்தை ஊமையாக்கிவிட்டு, பல லட்ச ரூபாய் இன்ஜினைப் பணயம் வைக்கும் இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். இரண்டு மூன்று முறையிலும் எடுக்காவிட்டால் பேட்டரியைக் காலி செய்வதை விட்டு, டீசல் வருகிறதா என்று பாருங்கள். ஃபில்டர் மாற்றிய பிறகு இப்படி ஆனால் பெரும்பாலும் ஏர் அடைத்திருக்கும். ஹேண்ட் பம்ப்பை அடித்து ஏர் எடுத்துவிட்டால் சரியாகும். புகைக் குழாயில் கடல் தண்ணீரைக் கலந்து வெளியேற்றும் இன்ஜின் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஓடாத இன்ஜினைச் செல்ஃபால் சுற்றிக்கொண்டே இருந்தால் பம்ப் தண்ணீரை உள்ளே தள்ளும், அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இருக்காது, தண்ணீர் சிலிண்டருக்கே திரும்பும். அந்த வகையில் இரண்டாவது முயற்சிக்கு முன் சீ வால்வை மூடுங்கள். இன்ஜின் எடுத்தவுடன் திறந்துவிடுங்கள்.

இன்ஜின் எடுத்ததும் முதலில் கண் போக வேண்டிய இடம் ஆயில் மீட்டர். பத்துப் பதினைந்து விநாடிக்குள் பிரஷர் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஏறிவிட்டால், கடல் தண்ணீர் வெளியே கொட்டும் வகைகளில் பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத் தண்ணீர் விழுகிறதா என்று உறுதி செய்யுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் ரப்பர் இம்பெல்லர் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருகத் தொடங்கிவிடும். ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். பழையது பிய்ந்திருந்தால் பிய்ந்த துண்டுகளையும் எண்ணி எடுங்கள். விட்டுப்போன துண்டு, கூலன்டின் சூட்டைக் கடல் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் அடைத்துக்கொள்ளும்.

மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில், அதாவது சுமையில்லாமல் குறைந்த வேகத்தில், ஓடட்டும். எடுத்தவுடன் ஆக்சிலரேட்டரை ஏற்றி உறுமவிடுவது கம்பீரமாகத்தான் இருக்கும். ஆயில் இன்னும் எட்டாத டர்போவும் பேரிங்கும்தான் அதற்கு விலை கொடுக்கும். அதேபோல் அரை மணி நேரம் ஐடிலில் போட்டு வைப்பதும் நல்லதல்ல, சூடேறாத இன்ஜினில் கரி படியும்.

மீட்டர்கள் சொல்வது

ஆயில் பிரஷர்: ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. பழைய மீட்டர்களில் உள்ள கிலோ கணக்கும் கிட்டத்தட்ட பார் அளவுதான். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் தடித்திருப்பதால் பிரஷர் உயர்ந்து நிற்கும். சூடேறிய பின் ஓட்டத்தில் மூன்று முதல் ஐந்து பார் வரையும், ஐடிலில் ஒரு பாருக்குக் குறையாமலும் இருப்பது பொதுவான அளவு. நீங்கள் கவனிக்க வேண்டியது சூடான ஐடில் பிரஷரை. கரைக்குத் திரும்பி, நியூட்ரலில் போட்டவுடன் முள் எங்கே நிற்கிறது? போன மாதம் ஒன்றரையில் நின்றது இந்த மாதம் ஒன்றில் நின்றால், பேரிங் தேய்கிறது அல்லது ஆயிலில் டீசல் கலக்கிறது. பச்சைக்குள்தானே இருக்கிறது என்று மீட்டரின் பேச்சை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஹீட் மீட்டர்: நல்ல தண்ணீர் சுற்றிவரும் இன்ஜின்களில் 75 முதல் 90 டிகிரி வரை வழக்கம். கடல் தண்ணீரே நேராக பிளாக்குக்குள் ஓடும் பழைய வகைகளில் 60 டிகிரியைத் தாண்ட விடக்கூடாது. அதற்கு மேல் உப்பு உள்ளேயே படியும். ஏறும் முள்ளைப் பார்த்து எல்லோரும் பதறுவார்கள். இறங்கும் முள்ளைப் பார்த்துப் பதறுகிறவர்கள் குறைவு. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போய்விட்டால், சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் தொங்கும். அப்போது முள் ஏறாமல் இறங்கும், அல்லது ஆடும். அதே ஆர்பிஎம்மில், அதே சுமையில் திடீரென்று இன்ஜின் குளிர்ந்துவிட்டது என்று மீட்டர் சொன்னால் நம்பாதீர்கள்; உடனே கூலன்ட் தொட்டியையும் ஹோஸையும் பாருங்கள்.

ஆர்பிஎம் மீட்டர்: முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தும் இன்ஜின் தன் அதிகபட்ச ஆர்பிஎம்மை எட்டாவிட்டால், அடிப்பாகம் பாசி பிடித்திருக்கிறது, அல்லது புரொப்பல்லர் அந்த இன்ஜினுக்குப் பெரிதாக இருக்கிறது, அல்லது டீசலோ காற்றோ போதவில்லை. தொடர் ஓட்டத்துக்கு அதிகபட்சத்தில் 80 முதல் 85 சதவீதம் நல்ல வரம்பு. 2000 ஆர்பிஎம் இன்ஜினுக்கு 1600, 1700.

வோல்ட் மீட்டர்: 24 வோல்ட் அமைப்பில் ஓடும்போது 27 முதல் 28.5 வரை காட்ட வேண்டும். 25-க்குக் கீழே வந்தால் டைனமோ சார்ஜ் செய்யவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள், டைனமோவின் டையோடு போய்விடும்.

கியர் பாக்ஸ் பிரஷர்: ஹைட்ராலிக் கியர் என்றால் இதற்குத் தனி மீட்டர் உண்டு. அளவு கம்பெனிக்குக் கம்பெனி வெகுவாக மாறும் என்பதால் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆர்பிஎம் ஏறியும் படகு நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் ஆயிலைப் பாருங்கள்.

இரண்டு முட்களைச் சேர்த்துப் படியுங்கள்

ஒரு மீட்டர் மட்டும் தனியாகச் சொல்வது பாதிச் செய்திதான். பக்கத்து மீட்டரையும் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

வோல்ட் இறங்குகிறது, கொஞ்ச நேரத்தில் ஹீட்டும் ஏறுகிறது: பெல்ட் அறுந்துவிட்டது. பல இன்ஜின்களில் டைனமோவையும் தண்ணீர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. டைனமோ நின்றது உடனே தெரியும், ஹீட் ஏறச் சில நிமிடம் ஆகும். சாதாரண டீசல் இன்ஜின் ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை, ஆகவே எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். வோல்ட் மீட்டர் லைட்டுக்கும் ரேடியோவுக்கும்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் இந்தச் சில நிமிடங்களைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஹீட் ஏறுகிறது, அதோடு ஆயில் பிரஷரும் மெல்ல இறங்குகிறது: சூட்டில் ஆயில் நீர்க்கிறது, குறை குளிர்விக்கும் அமைப்பில் இருக்கிறது. ஹீட் அப்படியே இருக்க, பிரஷர் மட்டும் விழுகிறது என்றால் ஆயில் கசிவு, ஆயில் பம்ப், பேரிங் என்று போகும். இதுதான் உண்மையான ஆபத்து.

ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே ஆர்பிஎம் குறைகிறது என்றால் புகைக் குழாயைப் பாருங்கள். கரும்புகை வந்தால் இன்ஜின் மேல் சுமை ஏறியிருக்கிறது: வலை எங்கோ சிக்கியது, கயிறு புரொப்பல்லரில் சுற்றியது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்தது. புகையே இல்லாமல் ஆர்பிஎம் தொய்கிறது என்றால் டீசல் ஃபில்டர். கடல் கொந்தளிக்கும் நாளில் தொட்டியின் அடியில் கிடந்த கசடெல்லாம் கலங்கி ஃபில்டரை அடைக்கும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வந்தால் சகஜம். சூடேறிய பின்னும் நிற்காமல் வந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலைக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது.

மீட்டரே பொய் சொல்கிறதா என்ற சந்தேகம் வருவது இயல்பு. உப்புக் காற்றில் சென்சார் வயர் அரித்து, முள் ஒரேயடியாக ஒரு மூலைக்குப் போய் நிற்கும். உண்மையான கோளாறில் முள் பெரும்பாலும் நகர்ந்து போகும், வயர் கோளாறில் தாவும். ஆனாலும் முதலில் மீட்டரை நம்பி வேகத்தைக் குறையுங்கள், பிறகு சந்தேகப்படுங்கள். கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றைப் படகில் வைத்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியைக் குறிபார்த்து ஹீட்டைச் சரிபார்க்கலாம்.

இழுவலை போட்ட பிறகு

இன்ஜினுக்குச் சோதனை இங்கேதான். படகு மூன்று நாட் (மணிக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர்) வேகத்தில் ஊர்கிறது, இன்ஜினோ கடுஞ்சுமையில் உழைக்கிறது. அடிக்குழாயில் குளிர்விக்கும் படகுகளில், படகு வேகமாகப் போனால்தான் குழாயைத் தாண்டித் தண்ணீர் வேகமாக ஓடும். வலை இழுக்கும்போது அது குறைகிறது. எனவே சும்மா ஓடும்போதைவிட இழுக்கும்போது ஹீட் சில டிகிரி ஏறி நிற்பது இயல்பு. ஏறி நின்றால் சரி. ஏறிக்கொண்டே போனால் ஆர்பிஎம்மைக் குறையுங்கள். வலை போட்ட முதல் இருபது நிமிடம் மீட்டர் பலகையை விட்டு நகராமல் இருப்பது நல்லது, அதற்குப் பிறகு கால் மணிக்கு ஒரு முறை பார்வை போதும்.

கோளாறு வந்தால் என்ன வரிசை

ஆயில் பிரஷர் விழுந்தால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: துறைமுக வாயிலில் கற்களுக்கு அருகில் இருக்கிறீர்கள், அல்லது சென்னைத் துறைமுகத்துக்கோ எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கோ போகும் கப்பலின் பாதையில் நிற்கிறீர்கள். அப்போது ஆபத்திலிருந்து விலகும்வரை ஓட்டுங்கள், இன்ஜின் போனால் போகட்டும். நங்கூரத்தைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

ஹீட் ஏறினால் வரிசை வேறு. உடனே அணைத்தால் தண்ணீர்ச் சுற்றும் நின்று, உள்ளே இருக்கும் சூடு தலைப்பகுதியிலேயே தேங்கிவிடும். சுமையை எடுத்து, நியூட்ரலில் ஐடிலில் விட்டுப் பாருங்கள். இறங்கினால் நல்லது. ஐடிலிலும் ஏறினால், அல்லது கூலன்ட் முழுக்கப் போய்விட்டது, பெல்ட் அறுந்துவிட்டது என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். சூடான பிளாக்கின் மேல் கடல் தண்ணீரை வாளியால் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். மூடியைத் திறக்கக் குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டால் கண் போகும்.

கேரி பேக்கின் சூழ்ச்சி ஒன்று உண்டு. உறிஞ்சும் வாயில் அது ஒட்டிக்கொண்டால் ஹீட் ஏறும். நீங்கள் அணைத்தவுடன் உறிஞ்சல் நின்று, பை தானாக விலகிவிடும். வடிகட்டியைத் திறந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடி, பக்கத்தில் மிதக்கும் அதே பையை மறுபடி இழுத்துக்கொள்ளும். பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் படகைச் சற்று நகர்த்திப் பாருங்கள்.

கயிறு புரொப்பல்லரில் சுற்றினால் நியூட்ரல் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை இறங்குகிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மேலே இருக்கிறவர் ஞாபகத்தை நம்பி யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

நாசில் குழாயில் டீசல் பீய்ச்சினால் விரலை வைத்துத் தேடாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே மருத்துவமனை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். இந்த டீசல் சூடான புகைக் குழாயில் பட்டால் தீ. இன்ஜின் ரூமில் தீ என்றால் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கி, டீசல் வால்வை மூடி, இன்ஜினை அணைத்து, காற்று போகும் வழிகளை அடைத்து, சிறு துவாரம் வழியாகத் தீயணைப்பானை அடியுங்கள். உதவிக்கு விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனல். கைபேசி எடுக்கும் தூரத்தில் என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறைக்கு 1093.

ஃபைபர் படகுகளுக்கு ஒரு வார்த்தை

நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் ஓடும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டுகளில் மீட்டர் கிடையாது. இன்ஜினின் பக்கத்தில் சீறும் மெல்லிய தண்ணீர்க் கோடுதான் உங்கள் ஹீட் மீட்டர். அது மெலிந்தாலோ ஆவியாக வந்தாலோ நிறுத்துங்கள். கரையிலிருந்து அலையைத் தாண்டும்போது மணல் கலந்த தண்ணீர் உள்ளே போவதால் அந்தத் துளை அடிக்கடி அடைக்கும். மெல்லிய கம்பியால் குத்திவிடலாம். அவசர நிறுத்தத்துக்கான கயிறு கையில் கட்டியிருக்கட்டும். ஆள் விழுந்த பிறகும் சுற்றும் புரொப்பல்லர் இரக்கம் பார்க்காது.

நோட்டுப் புத்தகமும் நிறுத்தும் முறையும்

இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு பயணத்திலும் ஒரே ஆர்பிஎம்மில் ஆயில், ஹீட், வோல்ட் மூன்றையும், திரும்பி வந்ததும் சூடான ஐடில் பிரஷரையும் எழுதுங்கள். மீட்டர் கண்ணாடியில் முள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள்; எழுதப் படிக்கத் தெரியாதவரும் இரவில் டார்ச் வெளிச்சத்தில் விலகலைக் கண்டுபிடித்துவிடுவார். ஆயில் மாற்ற 250 மணி நேரம் பொதுவான கணக்கு, அதற்கும் இந்த நோட்டே உதவும். வீட்டுப் பிள்ளையை முறையாக இந்த வேலையில் பழக்க விரும்பினால் ராயபுரத்தில் மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் மையம் இருக்கிறது, அங்கே மரைன் ஃபிட்டர் படிப்பு உண்டு.

கரை சேர்ந்ததும் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுப் பிறகு அணையுங்கள். முழு வேகத்தில் சுற்றிய டர்போ, ஆயில் வரத்து நின்ற பின் வறண்டு சுற்றக்கூடாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ஸ்டெர்ன் கிளாண்டைப் பாருங்கள். ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசிவது பேக்கிங்கைக் குளிர்விக்கத் தேவை, நின்ற பிறகும் ஒழுகினால் நட்டைச் சிறிது இறுக்குங்கள். பேட்டரி மெயின் சுவிட்சை இன்ஜின் முழுவதும் நின்ற பிறகு அணையுங்கள். சீ வால்வை மூடிவிட்டு, இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில் யார் ஸ்டார்ட் செய்ய வந்தாலும், சாவியை எடுக்க வால்வுக்குத்தான் போயாக வேண்டும்.